டயல் போனைப் பழுதுபார்த்து மறுபடி ஒயரிங் செய்வது: முழுமையான வழிகாட்டி

பேசாமல் கிடக்கும் டயல் போனைத் திறந்து பார்த்தால், அதிலுள்ள கோளாறில் பாதி முன்பு கைவைத்தவர்கள் செய்ததாகவே இருக்கும். ஒரு முனையில் கழற்றிய ஒயரை வேறு முனையில் மாட்டியிருப்பார்கள், மணியை எரிச்சலில் துண்டித்திருப்பார்கள், டயலுக்குள் எண்ணெயை ஊற்றியிருப்பார்கள். அதனால் இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசைதான் முக்கியம். அளக்காமல் எதையும் கழற்றக் கூடாது, கெடாததை மாற்றக் கூடாது.

கீழே சொல்வது பெங்களூரு ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தயாரித்த கறுப்பு பேக்கலைட் (பழைய காலக் கடினப் பிளாஸ்டிக்) போன்கள், பிரிட்டனிலிருந்து வந்த அவற்றின் முன்னோடிகள், பிறகு வந்த பிளாஸ்டிக் உடல் போன்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். உடல் மாறினாலும் உள்ளே சுற்று ஏறக்குறைய ஒன்றுதான்.

1. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மதுரையில் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இத்தகைய போன்கள் அவ்வப்போது வரும். கொஞ்சம் பயணம் செய்யத் தயார் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் கிடைக்கும். அங்கே பளபளக்கும் பித்தளைப் போன்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பல அலங்காரத்துக்காகச் செய்தவை. டயல் துளைகளுக்குள் பொத்தான் இருந்தாலோ, சுழற்றிய டயல் சத்தமில்லாமல் துள்ளித் திரும்பினாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டயலில் 0 சுழற்றி விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் பரவாயில்லை, சரிசெய்யலாம். பாதியில் நின்று நின்று நகர்ந்தால் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடித்தட்டு இருக்கிறதா, மணியின் இரண்டு கிண்ணங்களும் இருக்கின்றனவா, வாய்ப் பகுதிக்குள் கார்பன் வில்லை (கார்பன் துகள் அடைத்த வட்ட மைக்) இருக்கிறதா என்று பாருங்கள். உடலில் சிறு கீறலும் மங்கலும் பெரிய விஷயமில்லை. தொலைந்த உள்பாகம்தான் தலைவலி, ஏனென்றால் அதற்காகவே இன்னொரு போனை வாங்க வேண்டி வரும்.

2. மேசைக்கு முன்கூட்டியே வர வேண்டியவை

மல்டிமீட்டர், நல்ல முனையுள்ள தட்டைத் திருப்புளி இரண்டு, மூக்குக் குறடு, பற்றவைக்கும் கருவி (சால்டரிங் அயர்ன்), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தையல் இயந்திர எண்ணெய், பழைய விசிட்டிங் கார்டுகள், மெல்லிய பல இழை ஒயர் நான்கைந்து நிறங்களில், ஒயர் நுனியில் வைத்துக் குறடால் அழுத்தும் சிறு லக்குகள் (கிரிம்ப் லக்), 2.2 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் பாலியெஸ்டர் கெபாசிட்டர் ஒன்று, 470 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று, 12 வோல்ட் அடாப்டர். இவை டவுன் ஹால் ரோடு பக்கத்து மின், மின்னணுப் பொருள் கடைகளில் கேட்டால் கிடைக்கக்கூடிய சாதாரணச் சரக்கு.

திருகுகளை மட்டும் கடையில் வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் வகைப் போன்களில் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரைகள் இருக்கும். இன்றைய மில்லிமீட்டர் திருகு முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பொருந்துவதுபோல் போகும், பிறகு மரையை அரைத்துவிடும். பழைய திருகு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

3. லைனைப் பிரித்துவிட்டுத் திறங்கள்

போன் வைத்த நிலையில் லைனில் ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் யாராவது அழைத்தால் மணியடிக்க 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் வரும். திருப்புளியைப் பிடித்திருக்கும் கைக்கு அது நல்ல அடி. ஐப்பசி மழைக்காலத்தில் இடி மின்னல் இருக்கும்போது கம்பி லைனோடு இணைந்த எதையும் தொட வேண்டாம்.

அடியிலுள்ள திருகுகளைத் தளர்த்தி உடலை நேராக மேலே தூக்குங்கள். சில வகைகளில் டயல் உடலோடு வரும், அதன் ஒயர்கள் அடித்தட்டுக்குப் போகும். வேகமாகத் தூக்கினால் அறுந்துவிடும். உள்ளே கரப்பான்பூச்சி முட்டையும் ஆடிக் காற்றில் சேர்ந்த மண்ணும் இருக்கும். அப்போதே துடைக்கத் தோன்றும். பொறுங்கள், முதலில் படம் எடுங்கள்.

மேலிருந்து ஒன்று, நான்கு பக்கமும் ஒவ்வொன்று, முனைப்பலகைக்கு மிக அருகில் ஒன்று. முனைகளின் எண்களும் ஒயர் நிறங்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய ரப்பர் ஒயர்களில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோல் மங்கிவிடும் என்பதால், படம் போதாது: ஒவ்வொரு ஒயரிலும் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி, அது நிற்கும் முனையின் எண்ணை எழுதுங்கள். இந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியவர்கள்தான் பிறகு ஒரு பை நிறைய உதிரிகளோடு உதவி கேட்டு வருகிறார்கள்.

4. அளந்து, சுற்றைக் காகிதத்தில் வரையுங்கள்

இங்கே நிதானமாக உட்காருங்கள். இந்தப் போனின் சுற்றுப்படம் கிடைத்தாலும் முன்பு யாரோ மாற்றியிருந்தால் அது பொய் சொல்லும். மல்டிமீட்டர் சொல்வதை நம்புங்கள்.

பொதுவான அமைப்பு இதுதான். லைனின் இரு ஒயர்களுக்கும் குறுக்கே மணியும் கெபாசிட்டரும் தொடராக எப்போதும் நிற்கும். ரிசீவரைத் தூக்கியதும், அது அமரும் தொட்டிலுக்கு அடியிலுள்ள தொட்டில் சுவிட்ச் மூடிப் பேச்சுச் சுற்றை இணைக்கும். லைன் மின்சாரம் தொட்டில் சுவிட்ச், டயலின் துடிப்புத் தொடுமுனை (எண்ணைச் சொல்ல மின்சாரத்தை விட்டு விட்டு அறுப்பது), தூண்டுசுருள் (இன்டக்‌ஷன் காயில்), கார்பன் வாய்ப் பகுதி வழியாகச் சுற்றித் திரும்பும். காதுப் பகுதி தூண்டுசுருளின் இன்னொரு சுற்றிலிருந்து ஒலியை வாங்கும்.

டயலில் முதலில் துடிப்பு இணையைக் கண்டுபிடியுங்கள். டயல் சும்மா இருக்கும்போது மூடியிருக்கும், 3 சுழற்றி விட்டால் திரும்பும் வழியில் மூன்று முறை திறந்து மூடும். இன்னொரு தொகுதி அதற்கு நேர்மாறு: டயல் தன் இடத்தை விட்டு நகர்ந்ததும் மூடி, திரும்பி வந்ததும் திறக்கும். அதன் வேலை டயல் சுழலும்போது காதுப் பகுதியைக் குறுக்கிணைத்து, டக்டக் என்ற சத்தம் காதில் அறையாமல் பார்த்துக்கொள்வது. இவை இரண்டையும் மாற்றி இணைத்தால் போன் எடுத்தால் டயல் டோன் வராது, டயலைச் சுழற்றினால் மட்டும் ஏதோ கேட்கும். புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது.

ரிசீவர் ஒயர்களில் எது வாய், எது காது என்று தெரியவில்லையா? மீட்டரை ஓம் நிலையில் வைத்து இணை இணையாகத் தொடுங்கள். ரிசீவரைக் குலுக்கும்போது அளவு தாவினால் அது கார்பன் வாய்ப் பகுதி. அளவு அசையாமல், மீட்டர் முனை படும்போதெல்லாம் காதில் மெல்லிய சொடுக்குக் கேட்டால் அது காதுப் பகுதி. மணிச் சுருள் ஆயிரம் ஓம் முதல் சில ஆயிரம் ஓம் வரை காட்டும், தூண்டுசுருளின் சுற்றுகள் சில பத்து ஓம்களில் இருக்கும். ஏதாவது ஒன்று முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன் அதன் முனைத் திருகை இறுக்கி மறுபடி அளந்து பாருங்கள்.

5. தொடுமுனைகள்: தேய்க்கக் கூடாது, துடைக்க வேண்டும்

மண்ணை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். பிறகு விசிட்டிங் கார்டை மெல்லிய பட்டையாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, தொட்டில் சுவிட்சின் ஒவ்வொரு தொடுமுனைக்கும் நடுவே நுழைத்து, விரலால் லேசாக அழுத்தி இழுங்கள். பட்டையில் கறுப்பு வருவது நிற்கும்வரை புதுப் பட்டைகளால் தொடருங்கள். கடைசியில் உலர்ந்த பட்டை ஒன்று.

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தொடுமுனையின் நுனியில் இருப்பது சிறு பொட்டாகப் பதித்த நல்ல உலோகம். அதைத் தேய்த்துவிட்டால் அடியிலுள்ள உலோகம் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பிடிக்கும். தகடுகளைக் குறடால் வளைப்பதும் அப்படித்தான். சுவிட்ச் மூடவில்லை என்றால் தகட்டின் மீது பழி போடுவதற்கு முன், தொட்டிலின் பொத்தான்கள் முழுவதும் மேலே எழுகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே அழுக்குதான் தடுத்திருக்கும்.

6. டயல்

சரியான டயல் ஒரு வினாடிக்குப் பத்துத் துடிப்புகள் அனுப்பும். இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். கைப்பேசியின் ஒலிப்பதிவை டயலின் பின்புறம் வைத்து 0 சுழற்றுங்கள். ஒலியலை வடிவத்தைக் காட்டும் செயலியில் திறந்தால் பத்து முட்கள் தெரியும். முதல் முள்ளுக்கும் பத்தாவதற்கும் இடையே ஒன்பது இடைவெளிகள், அதாவது 0.9 வினாடி இருக்க வேண்டும். 0.82 முதல் 1 வினாடி வரை இருந்தால் டயலைத் தொடாதீர்கள். நன்றாக ஓடும் டயலை மெருகேற்றப் போய்க் கெடுத்தவர்கள் அதிகம்.

மெதுவாக ஓடினால் காரணம் பெரும்பாலும் இறுகிப்போன பழைய எண்ணெய். அச்சுகளின் நுனியை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஊசி முனையில் எடுத்த தையல் இயந்திர எண்ணெயில் ஒரு பொட்டு மட்டும் ஒவ்வொரு அச்சிலும் வையுங்கள். வீட்டில் கைக்கெட்டும் தேங்காய் எண்ணெய் ஆகாது. சில மாதங்களில் பிசினாகி முன்பைவிட மோசமாகப் பிடிக்கும்.

டயலின் பின்னால் சிறு கிண்ணத்துக்குள் சுழலும் எடைகள் இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது அவைதான்: வேகம் கூடினால் எடைகள் விரிந்து கிண்ணத்தின் சுவரில் உராய்ந்து நிதானப்படுத்தும். அங்கே எண்ணெய் பட்டால் உராய்வு போய் டயல் பறக்கும், எண்கள் தப்பாகும். பட்டுவிட்டால் ஆல்கஹாலால் முழுவதும் துடைத்தெடுங்கள்.

விரல் துளைத் தட்டை எடுக்க வேண்டுமானால் நடுவிலுள்ள எண் அட்டையைக் கழற்றினால் பிடிப்பு தெரியும். அத்தோடு நிறுத்துங்கள். அதற்கு அடுத்த பல்சக்கரத் தொகுதியைக் கழற்றினால் சுருள்வில் அவிழ்ந்துவிடும், சரியான இறுக்கத்தை மறுபடி கொண்டுவருவது தனி வித்தை. இன்னொன்று: திரும்பி வரும் டயலை விரலால் தள்ளி அவசரப்படுத்தும் பழக்கம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு உண்டு. முதலிலேயே சொல்லிவையுங்கள்.

7. கெபாசிட்டர்

பழைய போன்களில் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றிவிடுங்கள் என்பேன். கெடாததை மாற்றாதே என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. அடித்தட்டில் உலோகப் பெட்டிக்குள் இருக்கும் காகிதக் கெபாசிட்டர் வயதானால் கசியும். மீட்டரின் சிறு பேட்டரி அழுத்தத்தில் நன்றாக இருப்பதுபோல் காட்டி, 48 வோல்ட் வந்ததும் கசிகிறவையும் உண்டு. கசிந்தால் போன் வைத்திருக்கும்போதே லைனில் மின்சாரம் ஓடும். தொலைபேசி நிலையத்துக்கு நீங்கள் ரிசீவரை எடுத்ததாகவே தோன்றும், அழைப்பவர்களுக்கு எப்போதும் பிஸி.

2 மைக்ரோஃபாரட் அளவில் உள்ளதற்கு 2.2 பாலியெஸ்டர் சரியாக இருக்கும். நீள உருளையாகக் கூட்டல் கழித்தல் குறி போட்ட எலக்ட்ரோலிட்டிக் வகையைப் போடாதீர்கள். மணிக்கு வருவது மாறுமின்சாரம், அந்த வகை அதைத் தாங்காது. அவசரத்துக்குத் தெருமுனை எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சீலிங் ஃபேன் கண்டன்சர், 2.5 மைக்ரோஃபாரட் 440 வோல்ட், மின் அளவுகளில் தாராளமாகப் பொருந்தும். பெரிதாக இருப்பதுதான் குறை.

பழைய பெட்டிக்குள் சில போன்களில் இரண்டு கெபாசிட்டர்கள் இருக்கும். முனைகளை எண்ணிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், ஒயர்களை மட்டும் பிரித்துவிட்டு அது அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

8. ஒயரிங்

வளைத்தால் உறை பொடியும் ஒயர்களை மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒயர்: பழையதை இரு முனையிலும் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி, அதே முனைகளில் பொருத்தி, மீட்டரால் தொடர்ச்சி பார்த்து, காகிதப் படத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்தது. எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டுப் படம் பார்த்து மாட்டலாம் என்பது நல்ல திட்டம்போல் தோன்றும், பாதி வழியில் எந்த முனைக்கு இரண்டு ஒயர் வந்தது என்ற சந்தேகத்தில் நிற்கும்.

முடிந்தவரை பழைய நிறங்களையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வைத்த நிறங்களைக் காகிதத்தில் எழுதி அடித்தட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

ரிசீவர் கயிறு வேறு வகை. அதன் உள்ளே இருப்பது முழுக் கம்பி அல்ல; நூலைச் சுற்றிய மெல்லிய செம்புத் தகட்டு இழை. வளைந்து வளைந்தும் ஒடியாமல் இருப்பது அதனால்தான். பற்றவைத்தால் நூல் கருகி இழை உதிரும். நுனி போயிருந்தால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, உறையைக் கவனமாக உரித்து, மெல்லிய செம்புக் கம்பியால் சில சுற்றுச் சுற்றி, அதன்மேல் லக்கு வைத்துக் குறடால் அழுத்துங்கள்.

கயிறு போனுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நூல் முடிச்சோ உலோகக் கொக்கியோ இருக்கும். அதை அடித்தட்டின் பிடிப்பில் கட்டாயம் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் ரிசீவரை இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் நேராக முனைத் திருகில் விழும்.

9. வாயும் காதும்

மூடிகள் கையோடு கழலவில்லை என்றால் ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்கள். குறடு வைத்தால் பேக்கலைட் விண்டுவிடும்.

கார்பன் வில்லைக்குள் துகள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் போகும். வில்லையைச் சற்று நேரம் வெயிலில் காயவைத்து, உள்ளங்கையில் பக்கவாட்டில் தட்டுங்கள். மதுரை வெயிலுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். சரியாகாவிட்டால் அதே அளவுள்ள இன்னொரு கார்பன் வில்லை தேடுங்கள். இன்றைய போன்களில் வரும் சிறு எலெக்ட்ரெட் மைக்கை அப்படியே அந்த இடத்தில் வைத்தால் வேலை செய்யாது, அதற்குத் தனித் துணைச் சுற்று வேண்டும்.

காதுப் பகுதியில் மெல்லிய இரும்புத் தகட்டைக் காந்தத்திலிருந்து நெம்பி எடுக்காதீர்கள். துளியளவு வளைந்தாலும் ஒலி கரகரக்கும்.

10. லைனுக்கு முன் மேசையில் சோதனை

12 வோல்ட் அடாப்டரின் ஒரு முனையை 470 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போனின் லைன் முனை ஒன்றிலும், மறுமுனையை, மில்லி ஆம்பியர் நிலையில் வைத்த மீட்டர் வழியாக, இன்னொரு லைன் முனையிலும் இணையுங்கள். ரிசீவர் தொட்டிலில் இருக்கும்போது மின்சாரம் ஓடக் கூடாது. ஓடினால் கெபாசிட்டர் பக்கமோ தொட்டில் சுவிட்சிலோ கோளாறு. எடுத்தால் சுமார் 15 முதல் 20 மில்லி ஆம்பியர் ஓடும். வாய்ப் பகுதியில் ஊதினால் உங்கள் காதிலேயே கேட்கும். டயலைச் சுழற்றினால் மின்சாரம் துண்டு துண்டாக அறுந்து திரும்பும்.

இவை நான்கும் தேறினால் ஒயரிங் முடிந்தது. மணியை இங்கே சோதிக்க முடியாது. அதற்கு 25 ஹெர்ட்ஸ் அளவில் மாறுமின்சாரம் வேண்டும். வீட்டு 230 வோல்ட்டை ஒருபோதும் கொடுத்துப் பார்க்காதீர்கள். சுருள் எரிவதோடு நிற்காது, உங்கள் கையும் அதில் இருக்கும்.

11. உடல்

மெருகு கடைசியில்தான், ஏனென்றால் மெருகுப் பசையின் தூள் தொடுமுனைகளுக்குள் போனால் ஐந்தாவது படியை மறுபடி செய்ய வேண்டும். பேக்கலைட்டை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, பிராசோ என்ற உலோக மெருகு தொட்ட மென்துணியால் சிறு வட்டமாகத் தேயுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டு அதன் தூளைச் சுவாசிக்க வேண்டாம். விரிசலுக்கு அரால்டைட்டில் சிறிது விளக்குக் கரி கலந்தால் கறுப்போடு கறுப்பாகிவிடும். பிளாஸ்டிக் உடல் என்றால் தின்னரும் அசிட்டோனும் பக்கத்திலேயே வரக் கூடாது, உருகிவிடும்.

12. லைனில் இணைத்தல்

சுவரில் லைன் வந்து முடியும் பழைய ரோசெட் பெட்டி இருந்தால் இரண்டு ஒயரும் நேராக அதன் திருகுகளில். சிறு பிளக் வகை என்றால் அந்தக் கயிற்றின் நடு இரண்டு ஒயர்கள்தான் லைன். அந்தத் தட்டைக் கயிற்றிலும் பெரும்பாலும் தகட்டு இழையே இருக்கும், எட்டாவது படியில் சொன்னபடி லக்கு வையுங்கள்.

இப்போது பல வீடுகளில் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. போன் ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் பின்புறத் துளையில் சொருகப்படுகிறது. பேசவும் கேட்கவும் இதில் சிக்கலில்லை. டயல் துடிப்பைப் புரிந்துகொள்கிறதா என்பதே கேள்வி. ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணைச் சுழற்றுங்கள். டயல் டோன் நின்றால் புரிகிறது. நிற்காமல் தொடர்ந்து ஒலித்தால் பெட்டி துடிப்பை மதிக்கவில்லை. உங்கள் டயலில் பிழை தேடி மறுபடி பிரிக்க வேண்டாம். துடிப்பைப் பொத்தான் போன் அனுப்பும் தொனியாக மாற்றும் சிறு கருவியை இடையில் வைக்கலாம், அல்லது கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி 801 போன்ற, துடிப்பு டயலிங்கை ஏற்கும் இணைய அழைப்புப் பெட்டியைத் தனியாக வாங்கி, அதன் அமைப்பில் அந்த வசதியை இயக்கலாம்.

மணி அடிக்கவில்லை என்றால் முதலில் சுத்தி விரலால் அசைகிறதா, கிண்ணத்தில் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்தின் திருகைத் தளர்த்தித் திருப்பினால் இடைவெளி மாறும், ஏனென்றால் துளை சரியாக நடுவில் இருக்காது. பிறகு மணிக்கும் லைனுக்கும் இடையே கெபாசிட்டர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் புதுப் பிளக்குக்கு மாற்றி விற்கப்பட்ட போன்களில் மணிக்கான கெபாசிட்டர் போனில் இல்லை, அங்கத்துச் சுவர்ப் பெட்டியில் இருந்தது. ஃபைபர் பெட்டிகளின் மணி மின்சாரமும் பலவீனம். ஒரே துளையில் இரண்டு பழைய போன்களை இணைத்தால் இரண்டுமே முனகும்.

டயல் செய்யும்போது மணி கிணுகிணுத்தால் மணியின் இரு ஒயர்களை இடம் மாற்றுங்கள். நிற்கவில்லை என்றால் சுத்தியை ஒரு பக்கம் இழுக்கும் சிறு வில் கழன்றிருக்கும்.

முதல் அழைப்பைப் பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்குச் செய்யுங்கள், மதுரைக்குள் ஏழு எண்கள்தான். கைப்பேசிக்கு என்றால் 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பதால் பதினொன்று சுழற்ற வேண்டும். இடையில் நிதானித்தால் சில பெட்டிகள் எண் முடிந்துவிட்டது என்று நினைத்து அழைப்பைத் துண்டிக்கும். அமைப்பில் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேஸ் பதிவு, வங்கி போன்ற இடங்களில் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று கேட்பதற்கு மட்டும் இந்த டயல் பதில் சொல்லாது. துடிப்பு உங்கள் லைனோடு நின்றுவிடும், மறுமுனைக்குப் போகாது. அதற்கு ஒரு பொத்தான் போனையும் வைத்துக்கொள்ளுங்கள்.